‘ஐயோ’ என்று சொல்லலாமா?

‘ஐயோ’ என்று வாய் திறந்தால் போதும், வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள். அது எமன் மனைவியின் பெயராம்! இந்தத் தடையை நாம் ஏற்பதற்கில்லை.

புறநானூற்றின் 255-ஆம் பாடலில், காட்டில் மாண்டு கிடக்கும் கணவனருகே நிற்கும் பெண், ‘ஐயோ’ என்று அலறினால் புலி வந்துவிடுமோ என அஞ்சுகிறாள். வாய்விட்டு அழவும் வழியற்ற துயரம் அது. அவளைத் தடுத்தது புலி. நம்மைத் தடுப்பது வெறும் கதை.

தமிழர் மட்டுமா? கான்டனீய மொழி பேசும் சீனர் திகைத்தால் ‘ஐயா’ என்பர் (நம் மரியாதைச் சொல் அன்று!). ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2016-இல் இரண்டையுமே சேர்த்துக்கொண்டது.

நம் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனை வாசலில் ‘ஐயோ’ என்று கதறும் தாயிடம், “அப்படிச் சொல்லாதே” என்று கூற யாருக்கு மனம் வரும்?

ஆனால் தோழியரே, பேனா மை கசிந்ததற்கெல்லாம் வகுப்பே ‘ஐயையோ’ என்று அலறுவது சற்று அதிகம்தான். அதற்கு ‘அச்சச்சோ’ போதும்.