பழைய ஜீப்புக்கும் ஒரு கொட்டகை வேண்டும்!

போடிநாயக்கனூரில் இருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது, சிலமலை. மேற்கே திரும்பினால் மலை. மலைக்கு மேலே ஏலத்தோட்டங்கள்.

அடிவாரத்து ஊர்களில் இருந்து தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். விடியும் முன்பே புறப்பட்டு விடுவார்கள். கையில் தூக்குச்சட்டி. தலையில் துண்டு. அவர்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போவது எது? ஜீப்!

போடியில் இருந்து போடிமெட்டுக்குப் போகும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. தார்ச்சாலை முடிந்ததும் பயணம் முடிந்துவிடாது. அதற்கு அப்பால் தோட்டத்துக்குள் போகும் பாதை கல்லும் சேறுமாகக் கிடக்கும். பஸ் அங்கே போகாது. ஜீப் போகும். நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வண்டி அது. ஆளை ஏற்றும். ஏலக்காய் மூட்டையை இறக்கும். அவசரம் என்றால் பிள்ளைத்தாய்ச்சியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரும்.

இத்தனையும் செய்த ஜீப்புக்கு வயதாகிவிட்டால் என்ன நடக்கிறது?

பழைய இரும்புக் கடைக்குப் போகிறது! எடை போட்டு விற்கப்படுகிறது!

இது சரிதானா?

மோட்டார் சைக்கிளில் பிறந்த ஆசை

பழைய மோட்டார் வண்டிகளைச் சேர்த்து வைப்பது பெரிய பணக்காரர்களின் பைத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது.

கோவை ஜி.டி. நாயுடுவை எடுத்துக் கொள்ளுங்கள். 1893-ல் கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அந்தப் பக்கம் வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. ஆசை பிடித்துக் கொண்டது. ஊரை விட்டுக் கோவைக்குப் போனார். ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். மறுபடியும் பூட்டினார்! 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். பிறகு அவர் செய்த சாதனைகளை நாடே அறியும்.

அவருடைய குடும்பத்தார் சேர்த்த பழைய கார்கள் இன்று கோவை அவினாசி சாலையில் காட்சிக்கு இருக்கின்றன. 2015-ல் அந்தக் கார் காட்சிசாலை திறக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள். சென்னை வடபழனி ஏவி.எம். ஸ்டுடியோவிலும் 2023-ல் இப்படி ஒரு காட்சிசாலை திறந்தார்கள். நல்ல காரியம்தான்.

ஆனால், இப்படிப்பட்ட இடங்களில் பளபளப்பான கார்களுக்குத்தான் முதல் மரியாதை. சேற்றில் உழைத்த வண்டியைத் தேடிப் போய் வாங்கி வைக்க ஆள் குறைவு.

காணாமல் போன மாட்டு ரயில்!

போடி மலைக்கு இதில் ஒரு பழைய அனுபவம் இருக்கிறது.

1902-ல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு விசித்திரமான ரயில் ஓடியது. அதற்கு இரண்டு தண்டவாளம் கிடையாது. ஒன்றுதான்! அந்த ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் சிறிய சக்கரங்கள் உருளும். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்க, பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வரும். இழுத்தது இஞ்சின் அல்ல, மாடு! தேயிலையை அது டாப் ஸ்டேஷனில் சேர்க்கும். அங்கிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறக்குவார்கள். கோட்டகுடியில் இருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வரும்.

1908-ல் அதை எடுத்துவிட்டு, இரட்டைத் தண்டவாளச் சிறு ரயில் போட்டார்கள். 1924-ம் ஆண்டு வெள்ளம் அதையும் கொண்டு போய்விட்டது.

பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்திலும் இதே முறையில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடியது. 1927-ல் அதுவும் நின்று போயிற்று. ஆனால், அந்த வண்டிகள் எல்லாவற்றையும் உடைத்து விற்றுவிடவில்லை. சில கொட்டகையில் மறந்து கிடந்தன. 1962-ல் கண்டுபிடித்தார்கள். அமிர்தசரஸ் ரயில்வே பட்டறையில் பழுது பார்த்தார்கள். நீராவி போட்டதும் இஞ்சின் ஓடியது! இன்று அது டெல்லி ரயில் காட்சிசாலையில் இருக்கிறது.

அந்த வண்டிக்கு அங்கே ஒரு கூரை இருந்தது. மூணாறு மலையின் மாட்டு ரயிலைப் பார்க்க வேண்டும் என்றால் இன்று பழைய படத்தில்தான் பார்க்க வேண்டும். ஜீப்புக்கும் அந்தக் கதி வர வேண்டுமா?

தீவனம் இருந்தால் மாடு வாங்கு!

ஆசை மட்டும் போதாது. மாடு வாங்குகிறவன் முதலில் தீவனத்துக்கு வழி பார்க்கிறான். பழைய வண்டி வாங்குகிறவரும் அப்படிப் பார்க்க வேண்டும். ஒரு வண்டி என்றால் ஞாயிற்றுக்கிழமை போதும். ஐந்து வண்டி என்றால் அது தொழுவம்!

ஓடாத வண்டி கெடாது என்று பலர் நினைக்கிறார்கள். ஓடாமல் நின்றால்தான் சீக்கிரம் கெடும்!

டேங்கில் கிடக்கும் பெட்ரோல் நாளாக ஆகப் பிசினாகும். கார்பரேட்டரில் இருக்கும் ஊசித் துவாரங்களை அது அடைத்துவிடும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய காலத்து ரப்பர்க் குழாய் அதற்குத் தாங்காது. ஊறி, வெடித்துவிடும். ஆகவே, குழாயைப் புதிதாக மாற்ற வேண்டும். பல மாதம் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும்.

பிரேக் எண்ணெயும் அப்படித்தான். காற்றில் உள்ள ஈரத்தை வாங்கிக்கொள்ளும். உள்ளே துரு பிடிக்கும். பிரேக் இறுகிக்கொள்ளும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதை மாற்றுவது நல்லது. பேட்டரி வயரைக் கழற்றி வைக்க வேண்டும். அச்சுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தினால், டயர் ஒரே பக்கம் அமுங்கிப் போகாது.

வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து உடனே நிறுத்தும் வழக்கம் சிலருக்கு உண்டு. அது உபகாரம் அல்ல, உபத்திரவம்! சூடாகாத இஞ்சினுக்குள் நீர் கோர்த்துக்கொள்ளும். ஸ்டார்ட் செய்தால் இஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு வர வேண்டும்.

இன்னொரு தவறு, பிளாஸ்டிக் தார்ப்பாய். மழை உள்ளே வராது, வாஸ்தவம். உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே போகாது! மேலே கூரை, வண்டிக்குப் பருத்தித் துணி, நாலு பக்கமும் காற்று. இது போதும். எலிக்கு வழி வைக்கக் கூடாது. ஒரே இரவில் வயரை எல்லாம் கடித்து வைத்துவிடும்.

உதிரிப் பாகம் கிடைப்பதும் வண்டிக்கு வண்டி மாறும். புல்லட்டுக்குக் கவலை இல்லை. சென்னையில் 1950-களில் தொடங்கிய அந்த உற்பத்தி இன்றும் நிற்கவில்லை. மைசூர் ஜாவா, வண்டலூர் ஸ்டாண்டர்டு கார் ஆகியவற்றைச் செய்த பழைய தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டன. ஒரு சாமான் உடைந்தால் லேத் பட்டறையில் கடைந்துதான் போட வேண்டும். கடைந்து கொடுக்கவும் பிளாட்டினம் பாயிண்ட் வைக்கவும் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகி வருகிறது. அவர்கள் கை நடுங்குவதற்குள் பட்டறைப் பையன்கள் கற்றுக்கொள்ள வேண்டாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

50 வயது தாண்டி, பழைய உருவம் மாறாமல் இருக்கும் கார், மோட்டார் சைக்கிளுக்கு மத்திய அரசு 2021-ல் தனிப் பதிவு கொண்டு வந்தது. நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். 10 வருஷம் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். தினசரி உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது.

50 வயது ஆகாத வண்டிதான் திண்டாடுகிறது. 15 வயதான காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய் கட்டினார்கள். 2022-ல் அது 5,000 ரூபாய் ஆயிற்று. 20 வயது தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ரூபாய் ஆக்கினார்கள். மலையில் உழைத்த ஜீப்புகளில் பல இந்த நடுவயதில்தான் நிற்கின்றன. வருஷத்துக்கு நாலு நாள் ஓட்டுவதற்காக இவ்வளவு செலவு செய்ய ஏழைச் சொந்தக்காரரால் முடியுமா? இரும்புக் கடைக்காரர் கையில் ரொக்கத்தோடு நிற்கிறார்! ஓட்டாமல் காட்சிக்கு மட்டும் வைக்கும் வண்டிக்கு அரசு ஒரு சுலப வழி செய்ய வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய வண்டியைப் போற்றுவது வேறு. பழைய வண்டியில் ஆளை அடைத்து மலை ஏற்றுவது வேறு! தேய்ந்த பிரேக்கோடு, பின்னால் பத்துப் பதினைந்து பெண்களைத் திணித்துக்கொண்டு 17 வளைவுகளையும் சுற்றிப் போவது பெரிய பாவம். அந்த ஜீப் கவிழ்ந்தால் அடிவாரத்தில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது! கூலிக்குப் போகிறவர்களுக்கு நல்ல வண்டி வேண்டும், அளவான கூட்டம் வேண்டும். அதில் பழைமைப் பாசத்துக்கு இடமே கிடையாது.

கிழட்டு ஜீப்புகள் மலைச்சாலையை விட்டு இறங்கட்டும். அவற்றில் ஒன்றிரண்டு மட்டும் போடியில் தங்கட்டும்.

ஏலக்காய் வியாபாரத்தில் பேர் பெற்ற ஊர் போடி. 2010 முடிவில் நின்றுபோன ரயில் 2023 ஜூன் மாதம் திரும்பி வந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். தோட்டக்காரர்களும் வியாபாரிகளும் சேர்ந்தால் ஒரு தகரக் கொட்டகை போடுவது பெரிய காரியமா? பக்கத்தில் ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவருக்கு மாதச் சம்பளம். அவருக்குக் கீழே இரண்டு பையன்கள். ஜீப்புக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க வேண்டாம். மூட்டை உரசிய தழும்பும், பெண்கள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த பின்பக்கக் கம்பியும் அப்படியே இருக்கட்டும்.