வீட்டு மண்ணெண்ணெய்ப் பங்கீட்டைச் சீர்செய்யக் கோரும் மனு

யாழ்ப்பாணம்,
1993 மார்ச்.

அரசாங்க அதிபர் அவர்கள்,
யாழ்ப்பாண மாவட்டம்.

மதிப்புக்குரிய ஐயா,

வலிகாமம் கிழக்கிலுள்ள எமது மாதர் சங்கத்தின் அங்கத்தவர்கள் சார்பில் இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறோம்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அதன்பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பெற்றோலும் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டதால் வன்னி விறகு லொறிகளும் வருவதில்லை. மட்டுப்படுத்தி வரும் மண்ணெண்ணெய்தான் விளக்குக்கும் அடுப்புக்கும் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கவும் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடுகளில் எரிவது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரியை உள்ளேயே நிறுத்திக் கொளுத்துகிறோம். காற்றுக்கு இலகுவில் அணையாது, எண்ணெயும் அதிகம் குடிக்காது. அந்த வெளிச்சத்தைச் சுற்றித்தான் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் புத்தகத்தோடு இருக்கிறார்கள். ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை வருகிறது. இதற்கு மேல் சிக்கனம் பிடிக்க எங்களுக்கு வழி தெரியவில்லை.

அடுப்புக்குப் பன்னாடை, கங்குமட்டை, ஊமல், பொச்சுமட்டை என்று கிடைத்ததை எல்லாம் எரிக்கிறோம். மாரியில் இவை நனைந்துவிட்டால் பற்றவைக்கவே மண்ணெண்ணெய் வேண்டும். வளவுப் பனைகளும் பதுங்குகுழிக்காகத் தறிபட்டுக் குறைந்துவருகின்றன.

பெற்றோல் இல்லாததால் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. ஓட்டுகிறவர்களைக் குறைசொல்ல நாங்கள் வரவில்லை. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அவர்களே உதவுகிறார்கள். ஆனால் வீட்டுக்கும் வாகனத்துக்கும் ஒரே பீப்பாயிலிருந்து எண்ணெய் போனால், காசு உள்ள பக்கமே அது சாயும். எங்கள் பகுதியில் அதுதான் நடக்கிறது. கூப்பனோடு காலையிலேயே வரிசையில் நின்றவள் வெறும் போத்தலோடு திரும்புகிறாள். பின்னேரம் அதே எண்ணெய் தெருவோரத்தில் பல மடங்கு விலைக்கு விற்கிறது.

ஆகவே வீட்டுப் பங்கை முதலில் தனியாக ஒதுக்கி, அது முழுவதும் விநியோகமான பின்னரே மற்றத் தேவைகளுக்குக் கொடுக்கும்படி பணிக்க வேண்டுகிறோம். குடும்பத்துக்கு வாரம் ஒரு போத்தலாவது உறுதியாகக் கிடைக்க வேண்டும். ஆட்கள் கூடிய வீட்டுக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கும் கூடுதலாகத் தர வேண்டும். வந்த அளவும் கொடுத்த அளவும் சங்கக்கடை வாசலில் எழுதி ஒட்டப்பட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இடம்பெயர்ந்தோர் நிலை இன்னும் மோசம். வலிகாமம் வடக்கிலிருந்தும் தீவகத்திலிருந்தும் வந்தவர்களுக்கு அரிசியும் மாவும் நிவாரணமாகக் கிடைக்கின்றன. ஆனால் பள்ளிக்கூட மண்டபத்தில் இருப்பவர்களுக்கு விறகு பொறுக்க வளவு ஏது? பங்கீட்டு அட்டை சொந்த ஊர்ப் பதிவில் இருக்கிறது என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை. தற்போது இருக்கும் இடத்திலேயே கிராம சேவையாளர் அவர்களைப் பதிவுசெய்து பங்கு கொடுக்க வேண்டும்.

விமானங்கள் சுற்றும் நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே கடை முன் நிற்பது உயிராபத்து. விநியோகத்தைச் சிறு சிறு இடங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு நாள் குறிக்கும்படி கேட்கிறோம்.

இவை இங்கேயே செய்யக்கூடியவை. வரும் அளவைக் கூட்டுவது கொழும்பின் கையில் இருக்கிறது. செஞ்சிலுவைப் பாதுகாப்போடு உணவு ஏற்றிவரும் கப்பல் போக்குவரத்தில் வீட்டு மண்ணெண்ணெய்க்கும் போதிய இடம் கேட்டு, தாங்கள் உரிய அமைச்சுக்கு எழுத வேண்டும். சமைக்க வழியில்லாமல் அனுப்பும் அரிசி அரை நிவாரணமே.

அடுத்த விநியோகத்துக்கு முன்னர் எமது பிரதிநிதிகளைச் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கித் தரும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தலைவி, செயலாளர், பொருளாளர்
மற்றும் அங்கத்தவர்கள்