மஞ்சள், தேங்காய், பேட்டன்ட்

மூணு மாசத்துக்கு ஒருதரம் எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல அந்த மெசேஜ் வந்துடும். 'நம்ம மஞ்சளை அமெரிக்காக்காரன் பேட்டன்ட் பண்ணிட்டான், விழித்தெழு தமிழா!' அனுப்புறவங்கள்ல ஒருத்தராவது அந்த ஆவணத்தைத் திறந்து பார்த்திருப்பாங்களா? ம்ஹூம்.

நாமளே பார்ப்போமே. அமெரிக்க காப்புரிமை எண் 5,401,504. 1995 மார்ச்சில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் கொடுத்தது. தலைப்பு, சுருக்கம், விளக்கம் எல்லாத்தையும் தாண்டி நேரா கடைசிக்குப் போங்க. அங்கதான் 'க்ளெய்ம்' இருக்கும். நிலப் பத்திரத்துக்கு செக்குபந்தி எப்படியோ, பேட்டன்ட்டுக்கு க்ளெய்ம் அப்படி. வேலிக்குள்ள இருக்கிறது மட்டும்தான் அவன் சொத்து. இதுல வேலி எங்க? காயத்தை ஆற்ற மஞ்சள்தூளைக் கொடுக்கும் முறை. அவ்வளவுதான். செடியும் இல்ல, சாம்பாரும் இல்ல.

அதுவும் நம்ம பாட்டி வைத்தியம்தானே? ஆமா. ஆனா 'பாட்டி சொன்னாங்க'ன்னு சொன்னா செல்லாது. சி.எஸ்.ஐ.ஆர். 1996ல் எதிர்த்தப்போ பழைய நூல்கள், ஆய்விதழ்கள்னு 32 ஆதாரங்களை முன்வச்சது. 1997ல் அமெரிக்க அலுவலகம் க்ளெய்ம்களை நிராகரிச்சது. ஜெயிச்சது கோபம் இல்லீங்க, தேடல்.

இப்ப என் சொந்தக் கதை. நண்பர் ஒருத்தர் தேங்காய் மட்டை உரிக்க ஒரு கருவி செஞ்சார். 'ஏற்கனவே யாராவது செஞ்சிருக்காங்களா பாருப்பா'ன்னார். 'கோகனட் பீலர்'னு தட்டினேன். அவர் கருவி மாதிரி ஒண்ணும் சிக்கல. 'தைரியமா இறங்குங்கண்ணே'ன்னேன். மோல்டுக்குக் காசு கொட்டினப்புறம்தான் தெரிஞ்சது, அந்த உலகத்துல அதுக்குப் பேரு 'டீஹஸ்கிங் அப்பரேட்டஸ்'. கிட்டத்தட்ட அதே கருவி, பல வருஷம் முன்னாடியே! அண்ணன் என்னைத் திட்டக்கூட இல்ல. அதான் இன்னும் வலிக்குது.

அன்னிக்குக் கத்துக்கிட்டது: வார்த்தையை நம்பாதே, வகைப்பாட்டு எண்ணை நம்பு. எந்த மொழியில, எந்தப் பேர்ல எழுதினாலும் கொட்டை உடைக்கிற, மட்டை உரிக்கிற இயந்திரம்னா 'ஏ23என் 5'ங்கிற பெட்டியிலதான் தேடணும். கூகுள் பேட்டன்ட்ஸ்லயோ எஸ்பேஸ்நெட்லயோ கொஞ்சம் ஒத்துவர்ற ஒண்ணைப் பிடிங்க. அதுல இருக்கிற எண்ணைப் பிடிச்சுத் தேடுங்க. அது யாரை மேற்கோள் காட்டுது, அதை யார் காட்டுறாங்கன்னு நூல் பிடிச்சே போங்க. முழுக் குடும்பமும் கிடைக்கும்.

இன்னும் மூணு விஷயம். 2001க்கு அப்புறமான அமெரிக்க ஆவணத்துல எண்ணுக்குப் பின்னாடி 'ஏ1'னு இருந்தா வெறும் விண்ணப்பம். 'பி1', 'பி2'ன்னாதான் கொடுத்தது. கொடுத்ததும் இப்ப உயிரோட இருக்கான்னு பாருங்க, கட்டணம் கட்டாம செத்துப்போனது எக்கச்சக்கம். கடைசியா, விண்ணப்பம் வெளியாக பொதுவா 18 மாசம் ஆகும். அதனால 'ஒண்ணும் கிடைக்கல'ன்னா 'ஒண்ணுமே இல்ல'ன்னு அர்த்தம் இல்ல.

காசு போடுற நேரத்துல ஒரு நல்ல பேட்டன்ட் ஏஜென்ட்டைப் பார்க்கத்தான் வேணும். அதுக்காக நாமளே படிக்காம இருக்கலாமா? பத்திரத்தைப் படிக்காம யாராவது நிலம் வாங்குவோமா?

அடுத்த தடவை மஞ்சள் மெசேஜ் வந்தா, அந்த எண்ணை மட்டும் திருப்பி அனுப்புங்க மக்கா. நான் அனுப்பிட்டேன். சித்தப்பா குரூப்பை விட்டே போயிட்டார் :-)