தொகுப்பூதியத்தில் கரையும் வயது

பணியில் திருப்தியாக இருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். செவிலியர் வேலை எங்களுக்குக் கசந்ததே இல்லை, ஐயா. மூச்சுத் திணறி வந்தவர் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, “சிஸ்டர், காபி குடிக்கலாமா?” என்று கேட்டால் அன்றைய களைப்பெல்லாம் போய்விடும். எங்களைக் கொல்வது அந்த ஒப்பந்தத் தாள்.

2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு எழுதி, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் தேர்வானார்கள். சிபாரிசில் வந்தவர்கள் இல்லை. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டு போனால் காலமுறை ஊதியம் என்ற நம்பிக்கை. இரண்டு ஆண்டும் போனது. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து கேட்டார்கள். வேலைக்குத் திரும்பச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. திரும்பினார்கள். பிறகு ஊதியம் 18,000 ஆனது. அதே வார்டில் அதே ஊசியைப் போடும் நிரந்தரச் செவிலியருக்கோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். பிள்ளை பெறச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்பதற்குக்கூட வழக்குப் போட வேண்டியிருந்தது. பிரசவ வார்டில் ராப்பகலாக நிற்கிறவளுக்கு இந்த நிலை!

திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனைக்கு அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டையிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். வைகுண்ட ஏகாதசி விடியலில் ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறக்கும்போது, நெரிசலில் மயங்கிய பாட்டிக்கு மருத்துவ முகாமில் ரத்த அழுத்தம் பார்ப்பவள் செவிலி. நீ நிரந்தரமா, ஒப்பந்தமா என்று எந்தப் பாட்டியும் கேட்டதில்லை. சம்பளப் பட்டியல்தான் கேட்கிறது.

2020 மார்ச் 22 அன்று நாடே எங்களுக்காகக் கைதட்டியது. கொரோனா வார்டுக்கென்று அவசரமாக எடுக்கப்பட்ட செவிலியரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஓடு முடித்துவைக்கப்பட்டது. பெற்ற பிள்ளையைத் தொடப் பயந்து தனி அறையில் கிடந்தவர்கள் அவர்கள். புத்தாண்டுக்குக் கிடைத்த பரிசு அதுதான்.

இருபத்தைந்தில் சேர்ந்தவளுக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது. வங்கியில் கடன் கேட்டால் வேலை நிரந்தரமா என்கிறார்கள். அரசே, காலியிடம் வந்தால் பார்க்கலாம் என்று இன்னும் எத்தனை வருடம் சொல்வீர்கள்? நோயாளிகள் பெருகுகிறார்கள், படுக்கைகள் பெருகுகின்றன. செவிலியர் பணியிடம் மட்டும் ஏன் பெருகாது?

கைதட்டல் வேண்டாம், பூ வேண்டாம். தேவைக்கேற்பப் பணியிடங்களை உருவாக்குங்கள். தேர்வெழுதி வந்த எல்லோரையும் காலமுறை ஊதியத்தில் வையுங்கள்.