விற்றமின் சி: உடல் ஏற்பது எவ்வளவு?

குளிர்காலம் தொடங்கியதும் நம்மவர் பலர் 1000 மில்லிகிராம் விற்றமின் சி குளிசைகளை வாங்கி உட்கொள்கின்றனர். அதில் எவ்வளவு உடலிற் சேர்கின்றது என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

ஆடு, மாடு முதலியன இச்சத்தைத் தம் ஈரலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதருக்கு அவ்வாற்றல் இல்லை, உணவிலிருந்தே பெறவேண்டும். சிறுகுடற் சுவரிலுள்ள புரதங்கள் இதனைக் குருதிக்குக் கடத்துகின்றன. அவற்றின் ஆற்றலுக்கு எல்லையுண்டு. நாளொன்றுக்கு 180 மில்லிகிராம் வரை உண்டால் 70 முதல் 90 வீதம் உறிஞ்சப்படும். அளவு 1000ஐத் தாண்டுகையில் பாதிகூடச் சேர்வதில்லை. குருதியில் மிஞ்சுவதையும் சிறுநீரகங்கள் வெளியேற்றிவிடுகின்றன.

ஆணுக்கு நாளொன்றுக்கு 90, பெண்ணுக்கு 75 மில்லிகிராம் போதும் என்பது கனடாவிலும் அமெரிக்காவிலும் வகுக்கப்பட்ட அளவு. புகைப்போருக்கு மேலும் 35 வேண்டும். ஒரு தோடம்பழத்தில் ஏறத்தாழ 70 உண்டு.

சேர்ந்த சத்து தோலையும் முரசையும் உறுதியாக்கும், புண்ணை ஆற்றும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் துணைசெய்யும். ஆதலால் குருதிச்சோகையுள்ள பெண்கள் இதனை உணவோடு சேர்த்தே உண்பது நன்று. உணவோடு அருந்தும் தேநீரோ அவ்விரும்பைத் தடுக்கும்.

வெப்பம் இச்சத்தை அழிக்கும். சொதியை அடுப்பால் இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விடும் நம் வழக்கம் எத்துணைப் பொருத்தமானது!

குளிசை தடிமனை வராமற் காக்கும் என்பதற்குச் சான்றில்லை. சிறுநீரகக் கல் உள்ளோர் மருத்துவரைக் கேளாது பெருமளவு குளிசை உட்கொள்ளலாகாது. குளிசைக்குச் செலவிடும் பணத்தைப் பழத்துக்குச் செலவிடுவோம்.