கரத்தின் விலை

அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தின் தொடக்க கால வீரர் சார்லஸ் ராட்போர்ன். 1884ஆம் ஆண்டில் பிராவிடன்ஸ் அணிக்காகப் பந்தெறிந்து ஏறத்தாழ 60 வெற்றிகளை ஈட்டினார். தாம் தொடங்கிய 73 ஆட்டங்களையும் மாற்று ஆளின்றித் தாமே முடித்தார். இந்த எண்ணிக்கையை உலகம் வியக்கிறது. நான் வியப்பது வேறொன்றை!

அன்றைய விதிப்படி, அணி விடுவித்தாலன்றி வீரர் வேறிடம் செல்ல இயலாது. அவ்வாண்டு ஜூலையில் மற்றொரு பந்தெறிவாளரான ஸ்வீனி விலகவே, அணி தத்தளித்தது. அப்போது ராட்போர்ன், “கூடுதல் ஊதியம் வேண்டும், பருவ முடிவில் விடுதலையும் வேண்டும்” என நிபந்தனை விதித்தே முழுச் சுமையையும் ஏற்றார். தலைவாரக்கூடக் கை உயரவில்லை என்பார்கள். ஆயினும் எறிந்தார், அணி பட்டம் வென்றது.

‘கிழட்டுக் குதிரை’ என்று அவருக்குப் பட்டப்பெயர். பாரம் இழுக்கும் குதிரையைப் புகழ்வோர் அதன் தோள்புண்ணைப் பார்ப்பதுண்டா? 1897இல், 42 வயதில் மறைந்தார். புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்ததோ 1939இல்!

நண்பர்களே, கைதட்டல் காற்றோடு போகும். உழைப்பவன் தன் உழைப்பின் விலையை அறிந்து, அதை வாய்திறந்து கேட்பது பேராசையன்று, தன்மானம். ராட்போர்னின் தலையாய வெற்றி அதுவே என்பேன்.