கம்பெனிக்கு மறுவாழ்வு, நமக்கு மஞ்சள் கடுதாசியா?

எழுந்து நில் என்று சொல்லும் அரசு, விழுந்தவர் மறுபடி எழ என்ன வழி வைத்திருக்கிறது? பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் தொழில் தொடங்க 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தரும் ‘ஸ்டாண்ட் அப் இந்தியா’வை 2016 ஏப்ரலில் ஒன்றிய அரசு தொடங்கியது. அடுத்த மாதமே திவால் சட்டத்தை நிறைவேற்றியது. முதலாவது நமக்கானது என்றார்கள். இரண்டாவது யாருக்கு?

கம்பெனிகளுக்கு. சென்னையின் சிவா இண்டஸ்ட்ரீஸ் சுமார் 4,800 கோடி ரூபாய் கடனில் மூழ்கியது. கடன் கொடுத்தவர்களே அதில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டு, பழைய முதலாளியோடு சமரசம் செய்தார்கள். அது அவர்களின் வணிக விவேகம் என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

இப்போது பழையசீவரத்துக்கு வாருங்கள். பாலாற்றங்கரையில் ஒரு தலித் இளைஞர் கடனில் லோடு ஆட்டோ வாங்கி ஓட்டுகிறார் என்று வையுங்கள். தவணை தவறினால் வண்டியைத் தூக்குவார்கள். ஏலம் விட்ட பிறகும் பாக்கி நிற்கும். திவால் சட்டத்தின் மூன்றாம் பாகம் தனிநபருக்கானதுதான். ஆனால் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் அது அமலுக்கு வந்தது. சிறு, குறு தொழில்களுக்கென்று 2021இல் வந்த திருத்தமும் கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ பதிவு செய்தவர்களுக்குத்தான். நம் ஆட்டோக்காரருக்கு மிஞ்சியிருப்பது வெள்ளைக்காரர் காலத்து 1920 மாகாணத் திவால் சட்டம். ஊர்மொழியில் மஞ்சள் கடுதாசி.

மூன்றாம் பாகத்திலேயே ஏழைகளுக்கென ‘புதிய தொடக்கம்’ என்றொரு பிரிவு உறங்குகிறது. ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. சொந்த வீடும் இருக்கக்கூடாது. கடன் கொடுத்தபோது 10 லட்சத்தில் தொடங்கிய அரசு, விடுவிக்கும்போது 35,000இல் நிறுத்திக்கொள்கிறது. அதையும் அமலாக்கவில்லை.

இதில் சாதி எங்கே வந்தது என்பார்கள். நொடித்துப்போன ஆதிக்கச் சாதி வியாபாரிக்குக் கைகொடுக்க நிலமும் பங்காளிகளும் சாதிச் சங்கமும் உண்டு. நமக்கோ இது முதல் தலைமுறைத் தொழில், மிஞ்சினால் ஒரு நிபந்தனைப் பட்டா வீடு. வண்டி போனால் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி நிற்க வேண்டியதுதான். நம் ஊர் அன்று செங்கல்பட்டு ஜில்லா. அங்கே படியாட்கள் கடனில் கட்டுண்டு கிடந்ததை 1891இலேயே ஆட்சியர் டிரெமன்ஹீர் அரசுக்கு எழுதினார். பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது அந்த அறிக்கை. ஆளைச் சாதியிலேயே கட்டிப்போடும் கயிறுதான் இங்கே கடன்.

கடனைத் தள்ளினால் எல்லாரும் ஏமாற்றுவார்கள் என்ற உபதேசமும் வரும். சொத்தை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு மஞ்சள் கடுதாசி நீட்ட, முதலில் சொத்து வேண்டும். மோசடிக்காரரை விலக்கச் சட்டத்தில் விதி எழுதுங்கள். நேர்மையாகத் தோற்றவரைத் தண்டிக்காதீர்கள்.

மூன்றாம் பாகத்தை எல்லாருக்கும் அமலாக்கு. வரம்புகளை இன்றைய விலைவாசிக்கு உயர்த்து. குடியிருக்கும் வீட்டிலும் தொழில் கருவியிலும் கை வைக்காதே. மனு கொடுத்த நாளிலேயே வசூலை நிறுத்து. வட்டச் சட்டப் பணிகள் குழு மூலம் இலவசமாக வழக்கு நடத்து. தொழில் கடன் கேட்டுப் போராடும் தோழர்கள் இந்த ஐந்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தோற்க உரிமையில்லாதவருக்குத் தொழில் செய்ய உரிமை இருப்பதாகச் சொல்வது ஏமாற்று வேலை.